டெபுடி ஷெரிஃப் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். ஆஷ்பர்னில் ஷெரிஃப் அலுவலக வண்டி ஒன்று பின்னால் வந்து என்னை நிறுத்தியது. அதிவேகம் என்று டெபுடி ஒருவர் சம்மன் கொடுத்தார். அவர் போலீஸ் இல்லையே, அவருக்கு இந்த அதிகாரம் உண்டா?

பதில்: உண்டு, முழுமையாகவே உண்டு. ஷெரிஃப் என்பவர் ஒரு கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதி) சட்டக் காவல் அதிகாரி, டெபுடி அவர் சார்பில் வேலை பார்ப்பவர். நீங்கள் நிறுத்தாமல் போயிருந்தால் விஷயம் அதிவேகத்தோடு முடிந்திருக்காது. விளக்கைச் சுழலவிட்டு நிறுத்தச் சொல்லும் அதிகாரியைப் பொருட்படுத்தாமல் ஓட்டிச் செல்வது இங்கே தனிக் குற்றம். அவர் துரத்திக்கொண்டு அடுத்த கவுன்டிக்குள் வந்தும் கைது செய்யலாம்.

நம் ஊரில் டி.ஜி.பி. முதல் காவலர் வரை எல்லோரும் ஒரே துறை, ஒரே வரிசை. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்ததும் யார் பெரியவர், யார் சின்னவர் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்கு இங்கே பதில் இல்லை. இந்தக் கவுன்டியில் எந்த வேலை யாருடையது என்று கேட்டால் உடனே தெளிவாகிவிடும்.

நான் முதலில் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் இருந்தேன், பிறகு நீங்கள் இருக்கும் லவுடனுக்கு மாறினேன். இரண்டும் ஒட்டிக்கிடக்கும் கவுன்டிகள். ஃபேர்ஃபாக்ஸில் ரோந்து, விபத்து, திருட்டு, கொலை விசாரணை எல்லாம் கவுன்டி போலீஸின் பொறுப்பு. அங்கும் ஷெரிஃப் இருக்கிறார். சிறையை நடத்துவது, நீதிமன்றத்துக்குக் காவல் போடுவது, சம்மனை உரியவரிடம் சேர்ப்பது, தீர்ப்பு வந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்ய வைப்பது அவருடைய வேலை. நம் ஊர் கோர்ட் அமீனாவின் வேலையும் சிறைக் காவலர் வேலையும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் துப்பாக்கியோடு. லவுடனில் கவுன்டி போலீஸ் என்றே ஒன்று கிடையாது. அந்த வேலைகளோடு ரோந்தும் விசாரணையும் ஷெரிஃப் அலுவலகத்தின் தலையில்தான். லீஸ்பர்க், பர்செல்வில், மிடில்பர்க் ஆகிய சிற்றூர்களுக்கு மட்டும் சொந்தப் போலீஸ் உண்டு. அந்த ஊர்களுக்குள்ளும் டெபுடியின் அதிகாரம் செல்லும்.

மாநிலம் மாறினால் கதையும் மாறும். பென்சில்வேனியாவில் ஷெரிஃபின் அதிகாரத்தை நீதிமன்றங்கள் குறுக்கியே வைத்திருக்கின்றன. பிலடெல்பியாவில் ஷெரிஃப் என்றாலே கடன் கட்டாத வீடுகளை ஏலம் விடுபவர் என்றுதான் பலருக்கு நினைவு வரும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியிலோ பல நகரங்கள் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளாமல் ஷெரிஃப் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. 1954-இல் லேக்வுட் நகரம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. கனெக்டிகட் மக்கள் 2000-இல் வாக்களித்து கவுன்டி ஷெரிஃப் பதவியையே ஒழித்துவிட்டார்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிஃப் தேர்தலில் வென்று வருபவர். வர்ஜீனியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல். போலீஸ் தலைவரை கவுன்டி நிர்வாகம் நியமிக்கிறது, ஷெரிஃபை நீங்களும் நானும் (குடியுரிமை வந்த பிறகு) தேர்ந்தெடுக்கிறோம். டெபுடியை நியமிப்பவர் ஷெரிஃப். ஷெரிஃபின் பதவிக்காலம் முடிந்தால் டெபுடியின் நியமனமும் முடியும். மறுபடி நியமித்தால்தான் வேலை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில் நடந்ததே சாட்சி. 2009 தேர்தலில் அங்கிருந்த ஷெரிஃப் பி.ஜே.ராபர்ட்ஸ் மறுபடி வென்றார். எதிர் வேட்பாளரை ஆதரித்ததால்தான் தங்களை அவர் மறுபடி நியமிக்கவில்லை என்று சில ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒரு டெபுடி எதிர் வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு 'லைக்' போட்டிருந்தார். லைக் போடுவதெல்லாம் பேச்சுரிமையில் சேராது என்றது கீழ் நீதிமன்றம். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: வீட்டு வாசலில் வேட்பாளரின் பலகையை நட்டுவைப்பது போன்றதுதான் இதுவும், எனவே பாதுகாப்பு உண்டு.

எனக்கு அந்தத் தீர்ப்பில் லைக்கைவிட இன்னொரு பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. ஷெரிஃபின் அதிகாரத்தை அவர் சார்பில் தெருவில் செலுத்துகிற டெபுடியிடம் அரசியல் விசுவாசத்தை எதிர்பார்க்கலாம் என்று அதே நீதிமன்றம் 1997-இலேயே சொல்லியிருந்தது. ஹாம்ப்டன் டெபுடிகள் பெரும்பாலும் சிறைக் காவல் பார்த்தவர்கள், ஆகவே அந்த விதி இவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள் நீதிபதிகள். டெபுடி என்ற பட்டத்தைப் பார்க்காமல் அவர் அன்றாடம் செய்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

அரசியலமைப்பின்மீது உறுதிமொழி எடுத்து, பயிற்சியும் சான்றிதழும் பெற்றவருக்குத்தான் கைது செய்யும் அதிகாரம். டெபுடி, போலீஸ் அதிகாரி, ட்ரூப்பர் எனப்படும் மாநிலப் போலீஸ்காரர், வனவிலங்குக் காவல் அதிகாரி எல்லோரும் இந்த வகை. அவசர அழைப்பை எடுப்பவரும் பார்க்கிங் சீட்டு வைப்பவரும் சீருடையில் இருந்தாலும் பொதுவாக இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

விசாவில் இருப்பவர்கள் அடுத்துக் கேட்பது, டெபுடி குடிவரவு விஷயத்தில் தலையிடலாமா என்பது. அது தானாக வரும் அதிகாரம் அல்ல. 1996-இல் வந்த 287(ஜி) என்ற சட்டப் பிரிவின்படி மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அலுவலகங்களில், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட சில அதிகாரங்கள் கிடைக்கும்.

உங்கள் சம்மன் விஷயத்துக்கு வருகிறேன். அதில் நீங்கள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது, நீதிமன்றத்துக்கு வருவேன் என்ற உறுதி மட்டுமே. எழுதியிருக்கும் வேகத்தைப் பாருங்கள். வரம்பைவிட 20 மைல் அல்லது அதற்கு மேல் கூடுதல் என்றோ, 85 மைலைத் தாண்டியது என்றோ இருந்தால் அது ரெக்லஸ் டிரைவிங் (பொறுப்பற்று வண்டி ஓட்டுதல்) எனப்படும் குற்ற வழக்கு. இணையத்தில் பணம் கட்டி முடித்துவிட முடியாது. அப்படியானால் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.