கட்டியில் தேடும் மரபணு வேறு, ரத்தத்தில் தேடும் மரபணு வேறு

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. குதிகாலில் இருந்த கறுப்புத் திட்டை எடுத்துப் பரிசோதித்ததில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. நிணநீர் முடிச்சுக்கும் பரவியிருக்கிறது. கட்டியில் செய்த மரபணுச் சோதனையில் ‘பிராஃப் நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட். இது நல்ல செய்திதானா? எனக்கும் தங்கைக்கும் இந்தப் புற்றுநோய் வருமா? நாங்களும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். பிராஃப் என்பது செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணு. கட்டியில் காணப்படும் பிராஃப் மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதல்ல. பிறந்த பிறகு ஏதோ ஒரு நிறமிச் செல்லில் ஏற்பட்டு, அதிலிருந்து பெருகிய செல்களில் மட்டும் இருப்பது. அப்பாவின் கட்டியில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் இருவருக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

‘நெகட்டிவ்’ என்றால் அந்த மாற்றம் தென்படவில்லை, அதனால் பிராஃபை அடக்கும் மாத்திரைகள் அப்பாவுக்கு ஆகாது என்று பொருள், அவ்வளவுதான். மாற்றம் இல்லாத செல்லுக்கு வெமுராஃபெனிப் போன்ற மருந்தைக் கொடுத்தால், அடங்குவதற்குப் பதில் அதே வளர்ச்சிப் பாதை முடுக்கிவிடப்படலாம். உடலின் நோயெதிர்ப்புச் செல்களைத் தடுக்கும் பிடி-1 என்ற பூட்டைத் திறந்துவிடும் சிகிச்சைக்கு பிராஃப் மாற்றம் தேவையில்லை. அந்த வழி திறந்தே இருக்கிறது. தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் மாற்றம் உண்டு என்றாலும், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருபவற்றில் அது குறைவு. அங்கே கிட், என்ராஸ் மரபணுக்களையும் பார்க்க வேண்டும். கிட் மரபணுவின் சில குறிப்பிட்ட மாற்றங்களுக்கு இமாடினிப் என்ற மாத்திரை வேலை செய்யும். அந்த மரபணு வெறுமனே பல பிரதிகளாகப் பெருகியிருந்தால் பலன் குறைவு.

அதற்கு முன், எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். திசுவில் உள்ள புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் ஐஹெச்சி முறை, பிராஃப் மாற்றங்களில் வி600இ என்ற வகையைத்தான் காட்டும், வி600கே என்ற வகை தப்பிவிடும். டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் என்றால் இன்னொரு வம்பு. கறுத்த கட்டியிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும்போது மெலனின் என்ற நிறமியும் கூடவே வந்து, குழாயில் திரவம் பழுப்பாக நிற்கும். அது பிசிஆர் நொதியை முடக்கும். மறுபடி சுத்திகரிக்காமல் ஓட்டினால் இருக்கும் மாற்றமும் தெரியாமல் போகலாம். வெட்டிய துண்டில் புற்றுச் செல்கள் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தாலும் இதே கதைதான். திசுவைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் ஊறிய திசுவில் கோளாறு நேர்மாறானது: டிஎன்ஏ துண்டுதுண்டாகி, டிஎன்ஏவின் எழுத்துகளில் சைட்டோசின் தைமினாக மாறியதுபோலப் பொய்க் குறிகள் தோன்றும். வெயில் ஏற்படுத்தும் சேதமும் அதே மாற்றம்தான் என்பதால் குழப்பம் கூடும். திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் பத்திரமாக இருந்தால், பல மரபணுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் என்ஜிஎஸ் பேனலில் இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன்.

‘முக்கிய மரபணுக்கள் கண்டுபிடிப்பு’ என்று அடிக்கடி செய்தி வரும். நோயாளிகள் அதைக் கத்தரித்து எடுத்து வருவார்கள். கட்டியில் செயல்பாடு கூடிய, குறைந்த மரபணுக்களின் பட்டியல் மட்டும் காரணத்தைச் சொல்லாது. ஒரே ஆளின் கட்டி, ரத்தம் இரண்டின் டிஎன்ஏவையும் வாசித்து, பொதுவாக இருப்பதைக் கழித்து, மிச்சத்தில் எது பல நோயாளிகளிடம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். 2002-இல் பிராஃப் அப்படித் திரும்பத் திரும்பத் தென்பட்டுத்தான் பிடிபட்டது. அதுவும் தனியாகப் புற்றை உண்டாக்குவதில்லை. சாதாரண மச்சங்கள் பலவற்றில் இதே மாற்றம் இருக்கிறது. பி16 என்ற புரதம் போன்ற பிரேக் பிடித்துக்கொள்வதால் மச்சம் மச்சமாகவே நின்றுவிடுகிறது.

அந்த பி16 புரதத்துக்கான மரபணு சிடிகேஎன்2ஏ. குடும்ப வழியாக வரும் பழுதுகளில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ரத்த உறவில் மூன்று பேருக்கு மெலனோமா, அல்லது மெலனோமாவோடு கணையப் புற்றும் இருந்தால் சோதிப்பதில் அர்த்தம் உண்டு; அப்போதும் நோய் வந்தவரின் ரத்தத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அவரிடம் எது பழுது என்று தெரியாமல் உங்களிடம் ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பி நிம்மதியடைய முடியாது. உங்கள் குடும்பத்தில் அப்பா ஒருவர்தான் என்றால் இப்போதைக்குச் சோதனை வேண்டாம்.

மாதம் ஒருமுறை பாதம், விரலிடுக்கு, நகங்களைப் பாருங்கள். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமானாலோ, அந்த நிறம் நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கினாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.