மென்பொருளுக்குள்ளேயே தற்சோதனை: கேள்வி பதில்

கேள்வி: யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது) அனைத்திலும் தேறி வெளியான மென்பொருளுக்குள் மறுபடியும் தற்சோதனை எதற்கு?

பதில்: வெளியீட்டுக்கு முந்தைய சோதனைகள், நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கின்றன, தற்சோதனையோ, அந்த நிரல் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் சூழல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. வட்டு நிரம்புவதும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவதும், சர்வரின் கடிகாரம் பிசகுவதும் எந்த யூனிட் டெஸ்டிலும் அகப்படுவதில்லை.

கேள்வி: நிரல் தொடங்கும்போது எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: கட்டமைப்புக் கோப்பு முழுமையாக இருக்கிறதா, தேவையான கோப்பகங்களில் எழுத அனுமதி உண்டா, தரவுத்தள அட்டவணைகள் நிரல் எதிர்பார்க்கும் பதிப்பில் உள்ளனவா என்பவற்றைச் சோதித்தால் பெரும்பாலும் போதும். ஒன்று தவறினாலும் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். நிற்கும்போது 'கட்டமைப்புப் பிழை' என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தக் கோப்பில் எந்த மதிப்பு எதிர்பார்க்கப்பட்டது, அங்கே இருந்தது என்ன என்பதையும் எழுத வேண்டும். நள்ளிரவில் அந்த வரியைப் படிப்பவர் நிரலை எழுதியவராக இருக்கமாட்டார்.

கேள்வி: ஒரு சேவையின் பல பிரதிகளை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸில் ஓடும் எங்கள் சேவையின் லைவ்னெஸ் சோதனை (நிரல் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது), தரவுத்தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். ஒரு நாள் தரவுத்தளம் சற்றுத் தாமதிக்கவே, எல்லாப் பிரதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கமாயின. எங்கே தவறினோம்?

பதில்: ஒரு சோதனையை எழுதுவதற்கு முன், அது தோற்றால் நடக்கப்போவது என்ன என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். லைவ்னெஸ் தோற்றால் குபெர்நெட்டீஸ், நிரல் ஓடும் பெட்டகமான கன்டெய்னரை மறுதொடக்கம் செய்கிறது. ரெடினெஸ் (கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் சோதனை) தோற்றால் அந்தப் பிரதிக்குக் கோரிக்கைகள் அனுப்புவதை மட்டும் நிறுத்துகிறது. தரவுத்தளம் தாமதிக்கும்போது உங்கள் நிரலை மறுதொடக்கம் செய்வதால் எதுவும் சீராகாது. மாறாக, எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் புதிய இணைப்புகளைக் கேட்டு, ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்தின் சுமையை இன்னும் கூட்டும்.

இந்தச் சோதனையை ரெடினெஸுக்கு மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாப் பிரதிகளும் ஒரே தரவுத்தளத்தை நம்பியிருந்தால் அவை அனைத்தும் ஒருசேர விலக்கப்பட்டு, தரவுத்தளம் தேவைப்படாத கோரிக்கைகளுக்குக்கூடப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகும். தரவுத்தளம் போன்ற சார்புச் சேவைகளின் நிலையைத் தனியான ஒரு நிலையறிக்கையில் காட்டி, அதன்மீது எச்சரிக்கை வையுங்கள்.

லைவ்னெஸில் இருக்க வேண்டியது வேறு. வேலை செய்யும் இழை (நிரலுக்குள் தனித்து ஓடும் செயல்வரிசை) முடங்கிக் கிடக்க, வேறொரு இழை எந்நேரமும் 'நலம்' என்று பதில் சொல்லும் நிலையை அடிக்கடி காணலாம். ஆகவே வேலைச் சுழற்சி ஒவ்வொரு முறை முடியும்போதும் ஒரு நேரமுத்திரையைப் பதிய வேண்டும். அந்த முத்திரை பழையதாகிவிட்டதா என்பதை மட்டும் லைவ்னெஸ் பார்த்தால் போதுமானது.

கேள்வி: வேகத்துக்காக, வெளியீட்டின்போது தடமறியும் வசதிகளை (நிரல் ஓடும்போது நடப்பவற்றைப் பதிவு செய்பவை) நீக்கிவிடலாமா?

பதில்: நீக்காதீர்கள். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களில் தானாகவே மறுதொடக்கமாகத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டை (பொது வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பயன்படுத்தச் செய்யும் ஏற்பாடு) பிடித்திருக்க, இடைநிலைப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுத்ததால், அதே பூட்டுக்காகக் காத்திருந்த முன்னுரிமை மிக்க பணி உரிய நேரத்தில் முடியவில்லை; அதைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு கணினியை மறுதொடக்கம் செய்தது. தடமறியும் வசதி பறக்கும் மென்பொருளிலேயே விட்டுவைக்கப்பட்டிருந்ததால், பூமியில் இருந்த பிரதியில் அதே கோளாறை வரவழைத்துக் காரணத்தைக் காண முடிந்தது. அந்தப் பூட்டுக்கு முன்னுரிமை மரபேற்றத்தை (பூட்டைப் பிடித்திருக்கும் பணி, அதற்காகக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவது) இயக்கும் திருத்தம் இங்கிருந்தே அனுப்பப்பட்டது. மறுதொடக்கம் விண்கலத்தைக் காப்பாற்றியது உண்மைதான், ஆனால் காரணத்தைக் காட்டியது தடப்பதிவே.

கேள்வி: நோயறியும் (கோளாறைக் கண்டறியும்) பகுதியே கேடு விளைவிப்பதுண்டா?

பதில்: உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட முதல் ஏரியான் 5 ராக்கெட்டில், 64 பிட் மிதவைப்புள்ளி எண் (பின்னப் பகுதியும் கொள்ளும் எண்) ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்படும்போது வரம்பு மீறியதால், திசையறியும் கணினிகள் இரண்டும் செயலிழந்தன. செயலிழந்த கணினி அனுப்பிய நோயறித் தரவை, ராக்கெட்டின் முதன்மைக் கணினி உண்மையான பறத்தல் தரவென்று எடுத்துக்கொண்டு இயந்திரங்களின் வளிமம் வெளியேறும் முனைகளைத் திருப்பியது. புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் ராக்கெட் உடைந்து சிதறியது. பிழைச்செய்தி செல்லும் வழியும் தரவு செல்லும் வழியும் ஒன்றாக இருந்தால், பெறுபவர் இரண்டையும் ஐயமின்றிப் பிரித்தறியும் குறி கட்டாயம் வேண்டும்.

கேள்வி: சோதிக்கும் பகுதியை எப்படிச் சோதிப்பது?

பதில்: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சோதனைச் சூழலில் வட்டை நிரப்புங்கள், சான்றிதழின் தேதியை மாற்றுங்கள், வேலை இழையை உறங்கவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய எச்சரிக்கை உரியவரிடம் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். ஒருமுறைகூடத் தோற்றுப் பார்க்காத சோதனையை நான் வேலை செய்யும் சோதனையாகக் கணக்கில் எடுப்பதில்லை. புதிய சோதனை ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், அதைத் தோற்கடிக்கும் வழியையும் அதே மாற்றத்துடன் சேர்த்தே எழுதிவிடுங்கள்.