அறுபதுக்கு மேலே… கேளுங்கள், சொல்கிறோம்

ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் கடற்கரை ஓரமாகக் கிழக்கே ஒரு மணி நேரம் நடக்கிறேன். திரும்பி வர ஆட்டோ. ஒரு முழங்கால் மட்டும் விண்விண் என்று தெறிக்கிறது. "வயசாச்சுல்ல, பேசாம வீட்ல உக்காருங்க" என்கிறாள் வீட்டுக்காரி. உட்காரத்தான் வேண்டுமா?
– பெரியபட்டினம் வாசகர்

வேண்டாம், நடங்கள். இரண்டு முழங்காலுக்கும் ஒரே வயதுதானே ஐயா? ஒன்று மட்டும் வலித்தால் வயதைக் குறை சொல்வதற்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். கரை எப்போதும் கடலைப் பார்த்துச் சரிந்துதான் கிடக்கும். நீங்கள் கிழக்கே போகும்போது கடல் வலப்பக்கம். வலது கால் ஒவ்வொரு எட்டுக்கும் பள்ளத்தில் விழுகிறது. மேட்டுப் பக்கம் இருக்கிற இடது முழங்கால் கூடுதலாக மடங்குகிறது. இடுப்பும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதே கரையில் திரும்பி நடந்திருந்தால் பாரம் மாறி விழுந்து கணக்கு நேராகியிருக்கும். ஆட்டோவில் ஏறிவிடுவதால் தினமும் ஒரே பக்கம்தான் அடி வாங்குகிறது.

ஆகவே போக அரை மணி, வர அரை மணி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அலை வந்து திரும்பின ஈர மணலில் நடப்பது நல்லது. கால் தடம் அரை விரல் ஆழத்துக்கு மேல் பதியாத இடமாகப் பாருங்கள். காய்ந்த பொத மணலில் நடக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு தெம்பு செலவாகும், கெண்டைக்காலும் குதிகாலும் பிடித்துக்கொள்ளும். வெறுங்கால் வேண்டாம். உடை முள், உடைந்த கிளிஞ்சல், அறுந்து கிடக்கிற தூண்டில் முள் எல்லாம் நம் கரையில் உண்டு. சர்க்கரை இருப்பவர்களுக்குக் குத்தினதே தெரியாது. பின்னால் வார் வைத்த செருப்பாகப் போடுங்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்பு பாசிக் கல்லில் வழுக்கும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் மணல் கண்ணில் அடிக்கும், அலையும் கூடுதல். அப்போது தார் ரோட்டில் நடங்கள். மண்டபம், பாம்பன் பக்கத்து ஆட்கள் வடகடல் கரைக்கு மாறிக்கொள்ளலாம். வாடை வந்தால் இது அப்படியே தலைகீழ்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முழங்காலைத் தாங்குகிற தொடைச் சதை இறுகும். வீக்கம் இருந்தாலோ, படுத்த பிறகும் வலித்தாலோ, படி ஏறும்போது மடக்கின முட்டி நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிரஷர் என்று உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஏதாவது வழி உண்டா?
– பாம்பன் வாசகி

உண்டு அம்மா, ஆனால் வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. கருவாட்டை அப்படியே அலசிப் போட்டால் ஒரு வேளையிலேயே பெரும்பகுதி போய்விடும்.

நெத்திலி என்றால் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மணல் போக இரண்டு தண்ணீரில் அலசி, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பிழிந்தால் போதும். சீலா, பாறை, திருக்கை மாதிரித் தடித்த கருவாட்டுக்கு இது போதாது. மேலே இருக்கிற உப்பு போகும், நடுவில் இருப்பது அப்படியே நிற்கும். அதனால் முதலிலேயே கட்டைவிரல் கனத்துக்கு நறுக்கிவிட்டு ஒரு மணி நேரம் ஊற வையுங்கள், இடையில் இரண்டு தரம் தண்ணீரை மாற்றுங்கள். அவசரத்துக்குக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் சதை கரைந்து குழம்பு கூழாகிவிடும்.

குழம்பில் உப்பே போடாதீர்கள். சின்ன வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய், நம்மூர் குண்டு மிளகாய் அரைத்த மசாலா, புளி எல்லாம் சேர்ந்து கொதித்த பிறகு கருவாட்டைப் போட்டு, ஏழெட்டு நிமிடம் கழித்து ருசி பாருங்கள். அநேகமாக உப்பு கேட்காது. புளி சற்றுத் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. மறுநாள் சுண்ட வைத்த குழம்பு ருசிதான், ஆனால் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் கிட்டே வரக்கூடாது.

கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் அது ஏறினால் ஆபத்து. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

எங்க லாத்தாவுக்கும் (அக்கா) எனக்கும் கண்ணாடி மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மங்கல். பவர் ஏறிவிட்டதா?
– கீழக்கரை வாசகி

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மங்குகிறது என்றால் கண்ணாடியில்தான் சந்தேகம். கடல் காற்றிலிருக்கும் உப்பு லென்ஸில் படிந்து காய்ந்துவிடும். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தால் உப்புத் துகள் உரசி மெல்லிய கீறல் விழும். விழுந்த கீறல் போகாது. முதலில் நல்ல தண்ணீரில் காட்டுங்கள். ஆழ்துளைக் கிணற்று உவர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைக் கறை தங்கும். பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, அலசி உதறி, துவைத்துப் பழகின பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

கழுவியும் மங்கினால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் புகைமூட்டமாக இருந்தால், அல்லது எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், புரை விழுந்திருக்கலாம். அரசு மருத்துவமனையில் அதற்கு அறுவை சிகிச்சை இலவசம். சர்க்கரை இருந்தால் மங்கலோ இல்லையோ, வருடம் ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்துக் காய்த்துப்போன கை. நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றுக்கு விரலை வைத்தால் மெஷின் எடுக்கவே மாட்டேன் என்கிறது. நான்தான் உயிரோடு எதிரில் நிற்கிறேனே!
– மண்டபம் வாசகர்

ரேகை தேய்ந்த கைகளுக்கெல்லாம் இந்தச் சிரமம் உண்டு. நாலைந்து நாள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி வாருங்கள். போகிற அன்று எண்ணெய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். பெருவிரலோடு நிறுத்தாமல் பத்து விரலையும் வைத்துப் பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். பேரப்பிள்ளை யாருடைய ஆண்ட்ராய்டு போனிலாவது 'ஜீவன் பிரமாண்' செயலியையும் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' செயலியையும் ஏற்றச் சொல்லுங்கள். ஆதார் எண், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண், வங்கிக் கணக்கு எண் மூன்றும் கையில் இருக்கட்டும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் கறுத்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேட்கும்போது கண்ணைச் சிமிட்டுங்கள். பென்ஷன் வழங்கும் வங்கியின் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. முகம் பதிந்து சான்று எண்ணும் வந்துவிடும், பிறகு வங்கி நிராகரித்துவிடும். அதனால் ஒரு வாரம் கழித்து ஏற்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன் வசதி இல்லாதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.
– தொண்டி வாசகர்

மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே? மூன்று மணிக்கு முன்னால், அரை மணிக்குள் எழுந்துவிடுங்கள். ராத்திரி ஏழுக்கு மேல் டீ, காபி வேண்டாம், தண்ணீரும் அளவாக. எட்டரைக்குப் படுத்தவருக்கு மூன்று மணி என்பது ஆறரை மணி நேரத் தூக்கம், அது குறைவில்லை.

பாம்பன் புதுப் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்திலிருந்தே சேது எக்ஸ்பிரஸ் ஏறலாம் என்று ஆசையாக டிக்கெட் எடுத்தோம். மகன், மருமகள், நாங்கள் இருவர். எங்களுக்கு மேல் படுக்கை!
– ராமேஸ்வரம் வாசகி

நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டதுதான் காரணம். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் தனியாகவோ, அந்தத் தகுதி உள்ள இருவராகவோ எடுத்தால்தான் கிடைக்கும். அடுத்த முறை உங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுங்கள். 'பொது' என்பதற்குப் பதிலாக மூத்த குடிமக்கள் கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், அன்றே எடுத்துவிடுவது நல்லது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பயணத்துக்கு, வண்டி கிளம்பியதும் டிக்கெட் பரிசோதகரிடம் கேளுங்கள். கீழ்ப் படுக்கை காலி இருந்தால் முதியவர்களுக்கு மாற்றித் தர விதி இருக்கிறது.