புது பேரிங் போட்டும் வீல் ஆடுவது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இருபது வருடம் ஓடிய 100 சிசி வண்டி. முன் வீல் ஆடுகிறது என்று இரண்டு பேரிங்கையும் மாற்றினோம். நாலு மாதத்தில் மறுபடியும் ஆட்டம். போட்டது டூப்ளிகேட் பேரிங்கா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இருக்கலாம். ஆனால் புது பேரிங் இவ்வளவு சீக்கிரம் போனால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஹப்புக்குள், அதாவது வீலின் நடுக்குடத்துக்குள், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயைத்தான்.

அதற்கு முன், ஆடுவது வீல்தானா என்று பார்த்துவிடுங்கள். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கம் அமுக்கி முன் வீலைத் தூக்கட்டும். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். ஹப்பில் 'டக் டக்' என்றால் பேரிங். அடுத்து, இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே தட்டுகிற சத்தம் கேட்டால் அது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். இதைப் பார்க்காமல் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய.

இனி ஸ்பேசர். ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது வரும் அழுத்தம் இரண்டு பேரிங்கின் உள் வளையம் வழியாக நடுவிலுள்ள குழாயில் இறங்க வேண்டும். குழாயின் முனை தேய்ந்து அரை மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டாலோ, பழைய பேரிங்கை அடித்துக் கழற்றியபோது முனை நசுங்கியிருந்தாலோ, உள் வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும். வெளி வளையங்கள் ஹப்பிலேயே நிற்கும். குண்டுகள் பக்கவாட்டில் நெருக்குண்டு ஓடி, சூடேறி, பாதை உரிந்து ஆட்டம் கொடுக்கும். குழாயையே போட மறந்த வண்டிகளும் உண்டு! நட்டை முறுக்கியதும் வீல் இறுகி, லேசாகத் தளர்த்தினால் லூசாகச் சுற்றுகிறதா? கோளாறு குழாயில்தான். தேய்ந்திருந்தால் புதிது வாங்குங்கள். வாஷர் வைத்து நீளத்தைச் சரிக்கட்ட வேண்டாம்.

பேரிங் எண் அதன் முகத்திலேயே பொறித்திருக்கும். 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபக்கமும் ரப்பர் மூடி. வாய்க்கால் வரப்பில் ஓடும் வண்டிக்கு அதுவே நல்லது, தனியாகக் கிரீஸ் வைக்கவும் வேண்டாம். பேரிங்குக்கு வெளியே தண்ணீர், தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல், அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கழற்ற: ஆயில் சீலை நெம்பி எடுங்கள். நீளமான ராடை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, ஸ்பேசரைச் சற்று ஒதுக்கி, உள் வளையத்தின் விளிம்பில் ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் பேரிங் நேராக வெளியே வரும். அலுமினிய ஹப்பாக இருந்தால் அந்த இடத்தில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளர்ந்துவிடும். பிறகு ஈரம் போகத் துடைத்துக் காயவிடுங்கள்.

மாட்ட: வெளி வளையத்தின் அளவுள்ள சாக்கெட்டை வைத்து அடியுங்கள். உள் வளையத்தில் விழும் அடி குண்டுகள் வழியாக இறங்கிப் பாதையில் பள்ளம் விழவைக்கும், புது பேரிங் அன்றைக்கே பாதி செத்ததுபோல்தான். முதல் பேரிங் அடிவரை இறங்கட்டும். ஸ்பேசரைப் போடுங்கள். இரண்டாவதை, உள் வளையம் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம்.

வீலைப் பூட்டும்போது ஃபோர்க்கில் உள்ள கட்டை டிரம் பிரேக் தட்டின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். தவறினால் பிரேக் பிடித்தவுடன் தட்டு சுழன்று வீல் பூட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. ஸ்பீடோமீட்டர் பல்லின் காதுகளும் ஹப் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும்.

கேள்வி: பின் ஹப்பில் பேரிங் கையால் தள்ளினாலே உள்ளே போகிறது. தகரம் சுற்றி அடித்தால் நிற்கும் என்கிறார் பட்டறை அண்ணாச்சி. செய்யலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். தகரம் ஒரு பக்கம் தடித்து பேரிங்கைச் சாய்க்கும், பிறகு கிழிந்து பொடியாகும். சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் ஹப்பில் புள்ளி குத்துவதும் அப்படித்தான்: பேரிங் அந்த முனைகளில் மட்டும் நிற்கும், முனை மழுங்கியதும் பழைய கதை. கட்டைவிரலால் தள்ளினால் இறங்குகிறது, ஆனால் உள்ளே ஆடவில்லை என்றால், பேரிங் பொருத்துவதற்கென்றே விற்கும் பசை போதும். பேரிங்கின் வெளிப்பக்கத்தையும் ஹப்பின் உள்பக்கத்தையும் தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, வெளி வளையத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். ரப்பர் மூடியில் படக்கூடாது. உள்ளேயும் ஆடுகிறது என்றால் லேத்தில் ஹப்பைக் கடைந்து புஷ் என்கிற உலோக வளையத்தை இறக்க வேண்டும். மையம் தவறினால் வீல் கோணி ஓடும் என்பதால், கோணலை அளந்து காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் லேத்துக்காரரிடமே கொடுங்கள். ஹப் விரிசல் விட்டிருந்தால் வேறு ஹப்தான்.

பின் வீலில் ஸ்பிராக்கெட் பக்கம் மூன்றாவதாக ஒரு பேரிங் பல வண்டிகளில் இருக்கும். அதையும் பாருங்கள். ஸ்பிராக்கெட் மட்டும் ஆடினால் அந்த பேரிங்கோ கப்ளிங் ரப்பரோ போயிருக்கும்.

கேள்வி: ஆடுகிற வீலோடு ஒரு தடவை திருச்செந்தூர் போய் வந்துவிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது. குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்தால் வீல் சாய்ந்து, டிரம்மில் ஷூ உரசிப் பூட்டிக்கொள்ளும். டிஸ்க் பிரேக் வண்டியில் ஆடும் டிஸ்க் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அவசரத்தில் லிவரை அமுக்கினால் முதல் அமுக்கு வெறுமனே போகும்.

கேள்வி: தாமிரபரணிக் கால்வாயில் இறக்கி வண்டி கழுவினால் பேரிங் போகும் என்பது நிஜமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: நிஜம்தான். ஓடி வந்த வண்டியில் பிரேக் சூட்டால் ஹப் சூடாக இருக்கும். உடனே ஆக்ஸில் முங்க நிறுத்தினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் வெளுத்து, குண்டில் துரு ஏறும். பிசான நெல் பருவத்துச் சேற்றில் இறங்கி வந்தாலும் அரை மணி நேரம் ஆறவிட்டு, கரையில் நிறுத்தி, வாளியில் மொண்டு ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீசில் விட்டால், ஹப்பின் நடுவில் பிரஷர் பைப்பைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.