தொடுதிரையில் பக்கத்து எழுத்து விழுந்தால் என்ன செய்யலாம்?

முதிய வயதில் இருக்கும் உங்கள் தந்தை கைப்பேசியில் தமிழில் எழுதும்போது ஒன்றைத் தொட்டால் அருகிலுள்ள எழுத்து விழுகிறது என்றும், அதற்கு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விசைகள் சிறியனவாக இருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பதால், முதலில் கூகுளின் ஜிபோர்டு போன்ற விசைப்பலகைச் செயலியின் அமைப்புகளுக்குச் சென்று அதன் உயரத்தைக் கூட்டிவிடுங்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினாலும் விசைகள் அகலமாகும். ஆனால் எழுதியதைப் பார்க்க இடம் போதாது என்பதால் அதை நான் பெரிதாகப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது, தட்டல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடுவதால், ‘அப்பா’ என்று எழுத அ, ப, ப, ஆ என நான்கு விசைகளே போதும். செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இந்த அமைப்பு இருக்கிறது. பழகுவதற்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும்.

கை நடுக்கம் இருந்தால், ஐபோனின் அணுகல்வசதிப் பகுதியில், விரல் குறிப்பிட்ட நேரம் பதிந்திருந்தால் மட்டுமே தொடுதலாக ஏற்கும்படியும், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கும்படியும் அமைக்கலாம்.

நீண்ட செய்திகளுக்குக் குரல்வழித் தட்டச்சே எளிது. அதில் நேரும் பிழைகளைத் திருத்த, ஜிபோர்டின் இடைவெளி விசைமீது விரலை இடமும் வலமும் நகர்த்தினால், எழுதும் இடத்தைக் காட்டும் சுட்டி (கர்சர்) வேண்டிய எழுத்துக்குச் செல்லும்.