ஓர் அணு அகலக் கம்பியில் மின்சாரம்: பள்ளியில் காட்ட முடியுமா?

தக்கலைப் பகுதியில் பிளஸ் டூ இயற்பியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "கம்பி மெலிய மெலிய மின்தடை கூடும் என்று நடத்தினேன். ஓர் அணு அளவுக்கு மெலிந்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். இதைப் பள்ளியிலேயே காட்ட வழி உண்டா?"

உண்டு. அந்த மாணவியைப் பாராட்டுங்கள். பாடநூல் வாய்பாடு செல்லுபடியாகாத இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறாள்.

தங்கத்தில் ஓர் எலெக்ட்ரான், அறை வெப்பநிலையில், ஏறத்தாழ 40 நானோமீட்டர் தூரம் எதிலும் மோதாமல் ஓடும். ஓர் அணு அகல இடுக்கின் நீளம் ஒரு நானோமீட்டர்கூட வராது. மோதலே இல்லையென்றால் தடையும் இருக்கக் கூடாதே? இருக்கிறது. எலெக்ட்ரான் அங்கே அலை. தங்கத்தில் அதன் அலைநீளம் சுமார் 0.5 நானோமீட்டர், அணுவின் விட்டமோ 0.3 நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எனவே ஒரே ஓர் அலைவடிவம்தான் அதற்குள் நுழையும்; அதாவது எலெக்ட்ரானுக்கு ஒரே ஒரு வழி. அந்த ஒரு வழி முழுதாகத் திறந்திருந்தால் தடை 12,906 ஓம். இரண்டு வழிகள் திறந்தால் அதில் பாதி, மூன்று திறந்தால் மூன்றில் ஒரு பங்கு. பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் மட்டுமே நிர்ணயிக்கும் எண் இது. வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது தடை இப்படிப் படிபடியாக மாறுவதைக் குறைக்கடத்திகளில் 1988இல் நெதர்லாந்து, இங்கிலாந்துக் குழுக்கள் தனித்தனியே கண்டன.

இனிச் சோதனை. நாகர்கோவில் வடசேரி நகைப் பட்டறைகளில் கேட்டு 24 காரட் தங்கக் கம்பித் துண்டுகள் இரண்டு வாங்குங்கள். 22 காரட்டில் வேறு உலோகம் கலந்திருக்கும். தாமிரமும் ஓரளவு பயன்படும் என்றாலும், நம் கடற்காற்றில் அதன்மேல் சீக்கிரமே படலம் பிடித்துவிடும். 0.1 வோல்ட் மின்னழுத்தத்துடன் 10 கிலோ ஓம் மின்தடையையும் இரு கம்பிகளையும் தொடராக இணைத்து, கம்பிகள் குறுக்காக லேசாகத் தொடும்படி வையுங்கள். மேசையை மெல்லத் தட்டினால் தொடுகை விலகும். விலகும் அந்தக் கணத்தில் சில அணுக்களே இருபுறத்தையும் பிடித்திருக்கும்.

மின்தடையின் இரு முனைகளிலும், மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை இணையுங்கள். அலைவடிவத்தைச் சேமிக்கும் டிஜிட்டல் கருவியாக இருக்க வேண்டும், ஏனெனில் எல்லாம் மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். பள்ளியில் இல்லையென்றால் நாகர்கோவிலில் பொறியியல் கல்லூரி ஒன்றில் கேட்டுப் பாருங்கள். திரையில் 100 மில்லிவோல்ட் அளவிலிருந்து சரியும் கோடு 70, 61, 44 ஆகிய அளவுகளை ஒட்டிச் சற்று நின்று, பிறகு சுழியில் விழும். 44தான் ஒற்றை வழி.

ஒவ்வொரு தட்டலிலும் படி தெரியாது. நூற்றுக்கணக்கில் பதிவு செய்து, எந்த அளவில் கோடு அதிகம் தங்குகிறது என்று மாணவர்களையே வரைபடம் போடச் சொல்லுங்கள். 44 அருகே மேடு எழும்பும். அலுமினியக் கம்பியை மட்டும் எடுக்காதீர்கள். அதன் ஓர் அணுவிலேயே மூன்று வழிகள் அரைகுறையாகத் திறப்பதால் படிகளுக்கு விளக்கம் சொல்வது கடினம்.