பாந்த்ரா பாறைகளில் கடற்பாசிக் கணக்கெடுப்பு

மும்பையின் சயானிலிருந்து தாவரவியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் உள்ள கடற்பாசி வகைகளைக் கணக்கெடுத்து ஆய்வேடு எழுத வேண்டும். ராமேசுவரத்தில் பாசி எடுக்கும் என் அத்தை, முங்காமல் பாசி கிடைக்காது என்கிறார். நீச்சல் தெரியாத நான் என்ன செய்வது?"

அத்தை சொல்வது அவருடைய கடலுக்குச் சரி. மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்றத்தாழ்வு, அதாவது கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான உயர வேறுபாடு, ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், அங்கே மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை போன்ற கடற்பாசிகள் பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருக்கும். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டுகிறது. கடல் உள்வாங்கியதும் பாசி படர்ந்த பாறைகள் தாமாகவே வெளியே தெரியும். அந்நாள்களில் கடல் மிகவும் வற்றுவது விடியலையும் அந்தியையும் ஒட்டியே என்பதால், விடியலைத் தேர்ந்தெடுங்கள். ஓத அட்டவணையில் கடல் மிகவும் வற்றும் நேரமாகக் குறித்திருப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, வற்றும் நீரின் பின்னாலேயே சென்று, நீர் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்பிவிட வேண்டும். துணையின்றிப் போகக் கூடாது. மழைக்காலத்தில் போகவே வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் வரை போதும்.

கரைமேட்டிலிருந்து நீர் விளிம்பு வரை நேராக ஒரு கயிற்றைக் கட்டி, 5 மீட்டருக்கு ஒருமுறை 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வையுங்கள். பிவிசி குழாயில் சட்டம் செய்து, 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நைலான் நூல் கட்டினால் 25 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் பரப்பில் 4 விழுக்காடு என்பதால், ஒரு பாசி மூடியுள்ள கட்டங்களை எண்ணி அதன் பரப்பை அறியலாம். பலரும் தவறுவது இங்கேதான்: மேலே விரிந்து கிடக்கும் உல்வா என்ற பச்சைப் பாசியை மட்டும் எண்ணிவிட்டு, அதை விலக்கினால் அடியில் தெரியும் சிறிய சிவப்புப் பாசிகளை விட்டுவிடுகிறார்கள். இரண்டு அடுக்கையும் தனித்தனியே குறித்தால் கூட்டுத்தொகை நூறு விழுக்காட்டைத் தாண்டலாம், அது பிழையன்று. ஆனால் அலை ஒதுக்கிய பாசியை எண்ணவே வேண்டாம், ஏனெனில் அது எங்கே வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அருகில் கழிவுநீர் நாலா இருந்தால் அதன் தொலைவையும் எழுதுங்கள். உல்வா செழித்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். மாதந்தோறும் அதே கயிற்றுக்கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும், இல்லையேல் கையில் மிஞ்சுவது வெறும் பெயர்ப்பட்டியல்தான்.

மாதிரிக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்றை, பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியோடு எடுத்தால் போதும். விசிறி வடிவமும் வெளிறிய சுண்ணாம்பு வளையங்களும் கொண்ட பாடினா என்ற பாசியைக் கண்ணாலேயே அறியலாம். உல்வாவுக்கு அது போதாது. பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டையான இலைபோன்ற உல்வாவில் செல்கள் இரண்டு அடுக்காகத் தெரியும்.

படங்களை அத்தைக்கும் அனுப்புங்கள். அவர் சொல்லும் பெயரைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், அறிவியல் பெயருக்குப் பதிலாக அன்று. அவர் கஞ்சிப்பாசி என்பது அங்கே கிராசிலேரியா எடுலிஸ், பாந்த்ராவில் அதே சாயலில் இருப்பது வேறொரு கிராசிலேரியாவாக இருக்கலாம்.